பொம்மைக்கு வந்த காய்ச்சல்

நான் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிக்க, படத்தில் பார்த்த இயந்திர மனிதனைப் போல ஒரு பொம்மை செய்தேன். கண்ணுக்கு இரண்டு துளையிட்ட பவுடர் டப்பா தலை. தீப்பெட்டிகள் கை கால். உடம்புக்கு, விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் என் நாத்தனார் அங்கே கழித்துப் போட்ட டின் ஒன்றைக் கொண்டுவந்தாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, லேசாக அலசி, ஈரத்தோடு தலையைப் பொருத்திவிட்டேன்.

மறுநாள் மழை. பொம்மை நின்ற அலமாரியின் கீழே தொட்டிலில் என் கைக்குழந்தை தூங்கினாள். பொம்மையைத் துடைக்கப் போன நாத்தனார் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"மதினி, இங்கன வாங்க. பொம்மைக்குக் காய்ச்சல் அடிக்கு!"

சிரித்தபடி புறங்கையால் தொட்டேன். வெயில் இல்லை, பக்கத்தில் அடுப்பும் இல்லை. ஆனாலும் உயிருள்ள உடம்பு போலச் சுட்டது. மூத்திர நெடி அடித்தது. உள்ளே ஏதோ மூச்சு விடுவது போல மெல்லச் சீறியது.

"ஐயோ மதினி, பிள்ளையத் தூக்குங்க!"

குழந்தையை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது பொம்மையின் கண்கள் இரண்டும் வெள்ளையாய் எரிந்தன. அடுத்த நொடி அலமாரி தீப்பற்றி, காலித் தொட்டிலின் மேல் சரிந்தது.

ஒட்டியிருந்தது அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்து, ஈரம் பட்டதில் நெடி கிளம்பிச் சூடேறியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பின், உள்ளே என்ன இருந்ததென்று தெரியாத எந்த டின்னையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. நாத்தனாரும் வேலை விட்டு வந்ததும் வெளியிலேயே கை கால் கழுவி, வேறு சேலை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குகிறாள்.