இரண்டு சுவர் அடைத்த வாசல்

அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டு அடைத்த நடுவாசலை இன்று உடைத்தோம். உடைக்கச் சொன்னதே அப்பாதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த சித்தப்பா, போன வாரம் ஒரு ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தார். மறுநாள்தான் பார்த்தோம். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

நான் கடப்பாரையை ஓங்கியதும் கொத்தனார் கத்தினார்.

"சாவப் பாக்கியா மக்கா? வாசலுக்கு மேல உள்ள மரத்த செதலு தின்னாச்சு. அடச்ச இந்தக் கல்லுதான் இப்ப சொவரத் தாங்குது. மொதல்ல முட்டு குடுக்கணும்."

முட்டுக் கொடுத்து, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். அப்படியும் வாசல் திறக்கவில்லை. நாலு விரல் இடைவெளி விட்டு, பின்னால் இன்னொரு சுவர் நின்றது.

"ஒருத்தரு அடச்சா போதாதா?" என்றார் கொத்தனார்.

நாற்காலியில் இருந்த அப்பா சொன்னார்: "நான் கெட்டின மறுநாளு அவனும் கெட்டினான். கொத்துக் கரண்டிச் சத்தம் கேட்டுது."

அந்த இரண்டாவது சுவரைப் பார்த்துக்கொண்டே, "அதாம் அவன் விளிச்சது கேக்கல்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் அடைத்த வாசல் இருந்தால், முட்டுக் கொடுத்துவிட்டு உடையுங்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போதே உடையுங்கள்.