சந்திரவல்லி வீட்டுக் கோலப்பொடி

குழாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் கறுப்புக்குத்தான் பயப்படுவார்கள். கரிச்சாயம் கலக்கும் நாளில் தலைக்கு ஒரு துண்டு, மூக்குக்கு ஒரு துண்டு, வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி ஒரு குளியல். அப்படியும் காது மடலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்து மானத்தை வாங்கும். வெள்ளைக்கு அந்த மரியாதையை யாரும் கொடுக்கவில்லை. ஒட்டினால் தட்டிவிடலாம், தட்டினால் போய்விடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊரில் சந்திரவல்லி மட்டும் விவரமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை.

அவள் முன்பு ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். விடியும் முன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, நாளெல்லாம் குனிந்து காய் எடுத்து, இருட்டிய பிறகு இறங்குவாள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி இடுப்பில் அடிபட்டதோடு மலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் குழாய்க் கம்பெனியில் சேர்ந்தாள். ராசிங்காபுரம் போகிற சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட கட்டடம். அவள் காய் எடுத்த தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய்கள் அங்கேதான் தயாராகின்றன. நிழலில் வேலை, நடந்துபோகிற தூரம். கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொன்னது.

அவளுக்குக் கலவைப் பிரிவு. ரெசின் என்கிற பிளாஸ்டிக் தூள் மூட்டையைக் கொட்டி, சுண்ணாம்புப் பொடி சேர்த்து, கடைசியில் மருந்து போட வேண்டும். மருந்து என்பது தொழிலாளிகள் வைத்துக்கொண்ட பேர். அது சேராவிட்டால் மெஷின் சூட்டில் பிளாஸ்டிக் கருகிவிடும். மூன்றுமே வெள்ளைதான். மருந்து மட்டும் சலித்த மாவு போல நைசாக, அள்ளினால் கனமாக இருக்கும். அந்த மூட்டையில் இங்கிலீஷ் எழுத்தோடு, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனுசன் படமும் உண்டு. ஏதோ சத்து டானிக் படம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். இல்லையென்று சொல்ல அங்கே யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

சாயங்காலம் தராசடியில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி வெளியே கொட்டுவார்கள். நல்ல பொடி வீணாகிறதே என்று சந்திரவல்லிக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒருநாள் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்து வாசலில் கோலம் போட்டுப் பார்த்தாள். இழை நூல் பிடித்தாற்போல் விழுந்தது. மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்குக் கடையில் வாங்கும் கோலமாவு பறந்துவிடும். இது இடத்தைவிட்டு அசையவில்லை. வெயில் ஏற ஏறப் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் வேறு கோலப்பொடி இல்லை. கேட்டவர்களுக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். போன பொங்கலுக்குப் பொட்டிபுரத்துச் சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோனபோது கரும்போடும் வெல்லத்தோடும் ஒரு டப்பா பொடியும் போனது. சம்பந்தி மகாராணி, பேருக்கேற்றபடி எதைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லித்தான் வாங்குவாள். அவளே அந்தப் பொடியை மெச்சினாள். சந்திரவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த மார்கழியில் மகள் முத்துப்பிரியா வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம். குனிந்து நிமிர்ந்து கோலம் போட்டால் சுகப்பிரசவம் ஆகும் என்று சொல்லிப் பொடிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தது சந்திரவல்லிதான். மகளும் சலிக்காமல் வாசல் நிறைய இழுத்தாள். முடித்ததும் விரலை ஊதி, நைட்டியில் துடைத்துவிட்டு, அதே கையால் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஆரிப் வந்தான். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். வேதியியல் படித்துவிட்டு, இந்தப் பொடிகளை விற்கிற ஏஜென்சியில் இருக்கிறான். பழைய மருந்தைக் குழாயில் சேர்க்கக் கூடாதென்று சட்டம் வந்தாயிற்று, இருப்பை ஒழித்துவிட்டுப் புது மருந்துக்கு மாறுங்கள் என்று முதலாளி தங்கபாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தவன், தராசடியில் கூட்டிக்கொண்டிருந்த சந்திரவல்லியைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“அக்கா, காஞ்ச விளக்குமாத்துல கூட்டாதீங்க. அந்த மருந்துல காரீயம் இருக்கு. தூசியா மூக்குக்குள்ள போகும், கையிலருந்து வாய்க்குள்ள போகும். ஈரத்துணிய வச்சு ஒத்தித்தான் எடுக்கணும்.”

அதோடு விடவில்லை. மூட்டையில் இருக்கிற மனுசன் படமே அந்த எச்சரிக்கைதான் என்றான். துண்டு கட்டினால் போதாது, அதற்கென்று மாஸ்க் இருக்கிறது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைத்துணியை இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறதா என்று ஒருதரம் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றான். மாசமாக இருக்கிறவர்கள் இந்தப் பொடிப் பக்கமே வரக்கூடாது, தாயின் ரத்தம் வழியாகப் போய்ப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்றும் சொன்னான். சந்திரவல்லிக்குக் கையிலிருந்த விளக்குமாறு கனத்தது.

முதலாளி சிரித்தார். தானும் இத்தனை வருசமாக இங்கேதான் இருப்பதாகவும், தனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்றும் சொன்னார். அவர் இருந்தது முன்னறையில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

அன்றைக்குப் பிடித்த குழப்பம் அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆக்கிவிட்டது. அவள் கூட்டி வந்ததில் பாதி சுண்ணாம்பு, கொஞ்சம் ரெசின், கொஞ்சம் மருந்து. எது எவ்வளவு? உப்பும் சர்க்கரையும் கலந்தால்கூட நாக்குக்குத் தெரியும். இதை எதை வைத்துப் பிரிப்பது? ஆரிப் புதுச் சரக்கை விற்பதற்காகப் பயமுறுத்துகிறானோ? அப்படியென்றால் சட்டம் எதற்கு? பனி ஆகாது என்று சாக்குச் சொல்லி, மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தானே கோலம் போட்டாள். புருசன் காசிமாயன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறான். அவனிடம் பொடியைப் பற்றிச் சொல்லாமல், காரீயம் கெடுதலா என்று மட்டும் சுற்றிவளைத்துக் கேட்டாள். ஈயம் பூசின பாத்திரத்தில்தானே என் ஆத்தா காலமெல்லாம் சமைத்தாள் என்றான் அவன். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இது வேறு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அவளுக்கு ஒரு நிமிசம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிசம் வயிற்றைப் பிடித்து இழுத்தது.

அந்த வயிற்றுவலி புதிதில்லை. ஒரு டாக்டர் அல்சர் என்றார், இன்னொருவர் ரத்தம் கம்மி என்றார். நாக்கில் எந்நேரமும் செப்புக்காசை வைத்தாற்போல் ஒரு ருசி. கொஞ்ச நாளாக மணிக்கட்டு வலுவில்லாமல் குடம் நழுவியது. வயசாகிறது என்று தள்ளியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க எல்லாமே அந்தப் பொடியால் வந்ததாகவும் தோன்றியது, எதுவுமே இல்லை என்றும் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆரிப் சொன்ன சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ரத்தம் மதுரைக்குப் போய்ச் சோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் காரீயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது, அந்த வேலைக்குப் போகாதீர்கள், சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு, வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா, இருந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

“இல்லைங்க டாக்டர்.”

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ் ஏறிய பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. தன் கையால் கொடுத்த கிண்ணம் கண்முன் வந்தது, வாய் முந்திக்கொண்டது. வெட்கம்தான். பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

காரணத்தைச் சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று அவள் போட்ட கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வீடு முழுக்க அந்தத் தூசி. துவைக்கிற துணியில்கூட அது. மகள் இங்கிருந்து போனால் போதும், பொட்டிபுரத்தில் காற்றாவது சுத்தமாக இருக்கும். ஆகவே உடம்பு முடியவில்லை, பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள் என்றாள். விருந்துக்கு வந்த மகளைத் திருப்பி அனுப்பினாலே நாலு பேர் கேட்பார்கள். வளைகாப்பு முடிந்து வந்தவளை நிறைவயிற்றோடு அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? முத்துப்பிரியா சத்தம் போடவில்லை. “நான் ஒனக்குப் பாரமாயிட்டேனாம்மா?” என்று மட்டும் கேட்டாள். காசிமாயன் பொண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசாமல் மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான்.

அவர்கள் போனதும் ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு மூலையாக ஒத்தி எடுத்தாள். மிச்சமிருந்த பொடியைக் கவருக்குள் கவராகப் போட்டுக் கட்டினாள். மறுநாள் காலையில் மார்கழி மாசத்துத் தெருவில் அவள் வாசல் மட்டும் வெறுமனே கிடந்தது. எதிர்வீட்டு ஜோதி தயங்கித் தயங்கி வந்து, சொந்தத்தில் யாரும் தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள். அவள் வாசலில் கிடந்த கோலமும் சந்திரவல்லி கொடுத்த பொடிதான். சொல்ல வாயெடுத்தபோது உள்ளே போன் அடித்தது.

பொட்டிபுரத்திலிருந்து மகள்.

“மனசு கேக்கலம்மா, அதான் கூப்புட்டேன். நீ மருந்து மாத்திரை ஒழுங்காத் தின்னு. அத்தை என்னைய நல்லாத்தான் பாத்துக்கிறாக. பொங்கலுக்கு நீ குடுத்த பொடிய இன்னும் பொத்திப் பொத்தி வச்சிருக்காக. ஒன் ஆத்தா குடுத்தது, நீயே போடுன்னு டப்பாவ எடுத்துக் குடுத்தாக. இப்பத்தான் வாசல் நெறையப் போட்டுட்டு வந்தேன்.”

எவ்வளவு கெடுதல், பிள்ளைக்கு என்ன ஆகும், இத்தனை நாள் உள்ளே போனதே கெடுக்கப் போதுமா, சந்திரவல்லிக்கு ஒன்றும் இன்னும் தெளியவில்லை. சொல்லியிருந்தால் அந்த டப்பா திறந்திருக்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“பிரியா, நான் சொல்றதக் கேளு. அந்தக் கைய வாயில வைக்காத. வெரசாப் போயி சோப்புப் போட்டுக் கழுவு. அது கம்பெனிப் பொடி ஆத்தா, அதுல விசம் இருக்கு. தெரியாம ஒங்கையில குடுத்தவ நாந்தான். தெரிஞ்சும் சொல்லாம ஒன்னைய அனுப்புனவளும் நாந்தான். நான் இப்பவே வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். அது நிற்கவே இல்லை.