மூலாதாரம் ஸ்டாப்பிங்

என் மேசை டிராயரில் ஒரு கண்டக்டர் விசில் கிடக்கிறது. வாய் வைக்கும் இடத்தில் பல் பதிந்த தடம். பல் என்னுடையதல்ல. அதைக் கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் கண்டக்டர் சார் என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் ஆறு நாள் வடபழனி பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பார். ஞாயிறு காலையில் மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் தியானம் சொல்லித் தருவார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஞானம் தேடி அல்ல. நாற்பது வயதில் எனக்கு மூலம். ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்ற சொல்லுக்கே வியர்ப்பவன் நான், வீட்டில் மூச்சுவிடவில்லை. அந்த நேரம் பார்த்து குளத்தங்கரைச் சுவரில் ஒரு நோட்டீஸ். ‘மூல’ வரைக்கும் தெரிந்தது, மிச்சத்தை ஒரு காதுகுத்து போஸ்டர் மறைத்திருந்தது. கீழே ‘இலவசப் பயிற்சி, ஞாயிறு காலை’. அந்த ஞாயிறே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு.

அவர் மூலாதாரத்தில் ஆரம்பித்தார். முதுகெலும்பின் அடியில் நாலு இதழ்த் தாமரை என்றார். எனக்கு அங்கே வேறு ஏதோ பூத்திருந்தது. சுவாதிஷ்டானம், மணிபூரகம், அநாகதம் என்று பஸ்ஸில் ஸ்டாப்பிங் கத்துகிற அதே ராகத்தில் மூச்சை மேலே ஏற்றிக்கொண்டு போவார். ஒரு விசிலுக்கு மூச்சை நிறுத்த வேண்டும், ரெண்டு விசிலுக்கு விட வேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் பிடிபடாத தத்துவம். யாருடைய மனசாவது வாசற்படியில் தொங்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். “உள்ள போ, உள்ள போ. உள்ள எவ்ளோ எடம் காலியா கீது.” மற்றவர்கள் உச்சந்தலை வரை போய் இறங்குவார்கள். நான் மட்டும் ஏறிய இடத்திலேயே நெளிந்துகொண்டிருப்பேன்.

மூன்றாவது ஞாயிறு, எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்தினார். “இன்னா சார், மூலாதாரத்துலயே நின்னுக்கினு கீறே? வண்டி பிரேக் டவுனா?”

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. நோட்டீஸ் கதை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று பார்த்தால், முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. ரத்தம் போகிறதா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். “அதுக்கு இது ரூட் இல்ல நைனா. டாக்டராண்டதான் போவணும். நானும் வரேன்.”

லீவு போட்டுவிட்டு வந்தார். என் மனைவியிடமும் அவரேதான் பக்குவமாகச் சொன்னார். அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் நகர்வதற்கு முன் விசிலை என் கைக்குள் திணித்தார். “பயமா இருந்தா ஒண்ணு ஊது, நிறுத்திடுவாங்க. இல்லாங்காட்டி கண்ண மூடிக்கினு உள்ள போ.”

நான் ஊதவில்லை. மூடிய கண்ணுக்குள் அன்றுதான் முதல்முறையாக எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

போன வருஷம் கண்டக்டர் சார் போய்விட்டார். அவரை ஏற்றிய வண்டி கிளம்பும்போது டிப்போ நண்பர் ஒருவர் ரெண்டு விசில் ஊதினார். என் சட்டைப் பையில் அவருடைய விசில் இருந்தது. ஒண்ணே ஒண்ணு ஊதினால் நின்றுவிடாதா என்று அடித்துக்கொண்டது மனசு. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். மூச்சு வரவில்லை.

இப்போதும் ஞாயிறு காலையில் டிராயரைத் திறந்து விசிலை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறேன். நன்றாகவே உட்காருகிறேன். மூலாதாரத்தைத் தாண்டி இன்னும் ஒரு ஸ்டாப்பிங்கூடப் போனதில்லை. ஆனால், வாசற்படியில் தொங்குவதில்லை.