சனிக்கிழமைத் தயிர்சாதம்

நார்வேக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாதது இந்த ஊர் மதியச் சாப்பாடுதான். பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் ஒரே மேசையில் வந்து உட்காருவார்கள். ஆளுக்கொரு பொட்டலம். அதற்கு 'மாட்பக்கே' என்று பெயர். கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் நான்கு ரொட்டித் துண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவே மெல்லிய காகிதம், ரொட்டிமேல் பழுப்பு நிறச் சீஸ். நேற்றும் அதே, நாளையும் அதே. அதைவிட விசித்திரம், யாரும் யாருடைய பொட்டலத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன கொண்டுவந்தாய் என்ற கேள்வி கிடையாது, கொஞ்சம் எடுத்துக்கொள் என்ற உபசாரமும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் கத்திரிக்காய் வதக்கல் டப்பாவைத் திறந்து மேசை நடுவில் தள்ளிவைத்தேன். எனக்கு இடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் மரியாதையாகத் தங்கள் பொட்டலங்களை நகர்த்தி எனக்கு வழிவிட்டார்கள்.

நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அதை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து வளரவிட்டு எண்ணுவோம். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும். என்னோடு வேலை பார்ப்பவள் இங்க்ரித். ஐம்பதைத் தாண்டியவள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் இங்க்ரித், அவள் புருஷன் லார்ஸ், எங்கள் கூடத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர் என்று மலைமேல் ஒரு 'ஹித்தே'யில் தங்கி வரப் போவார்கள். ஹித்தே என்றால் மரத்தால் கட்டிய சின்ன வீடு. கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, ஒரு விறகடுப்பு உண்டு. இதற்குப் பெயர் உல்லாசமா என்று நான் முதலில் வாயைப் பிளந்தேன். ஆனால் போய்ப் பார்த்தால், அலுவலகத்தில் வாயே திறக்காத ஆட்கள் அங்கேதான் கதை பேசுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், சிநேகிதர்களாக ஆகிறார்கள்.

முதல் தடவை என்னையும் கூட்டிப் போனார்கள். நான் சைவம் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் இறைச்சியும் தொத்திறைச்சியும் சுட்டார்கள். நான் இரண்டு நாளும் வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் தின்றேன். அதுகூடப் பரவாயில்லை. வேளைக்கு வேளை நாலு பேரும் என் தட்டையே பார்த்து, "இது உனக்குப் போதுமா?" என்று விசாரித்ததுதான் தாங்கவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒரு முகம். அடுத்த வருஷம் அவர்கள் போனது எனக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமை மதியம் மேசையில் போட்டோக்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்க்ரித் ஒளிக்கவில்லை. உனக்குச் சாப்பாடு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தோம், அதனால் கூப்பிடவில்லை என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு கடல் தாண்டி வந்து, கிடைத்த நாலு சிநேகிதத்தையும் ஒரு உருளைக்கிழங்குக்கு விட்டுக்கொடுப்பதா? அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த வருஷம் நானும் போவேன், சனிக்கிழமை மதியம் அத்தனை பேரும் என் கையால் சாப்பிடுவார்கள், தலைகீழாக நின்றாவது.

இந்த வருஷம் ஆகஸ்டிலேயே, நானும் வருகிறேன், சனிக்கிழமை மதியச் சாப்பாடு என்னுடையது என்று இங்க்ரித்திடம் சொன்னேன். வேண்டாம், அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுவந்துவிடுவோம் என்றாள். நம் பக்கத்தில் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேள் என்று அர்த்தம். மறுபடி சொன்னேன். வேண்டாம் என்றாள். மூன்றாம் தரமும் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, பேச வேண்டுமா என்று கவலையோடு கேட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, இவர்களிடம் உபசாரமாகப் பேசிப் பயனில்லை. "எனக்கு உங்களோட வரணும். ஒரு வேளையாவது என் சாப்பாட்ட நீங்க சாப்பிடணும்," என்று நேராகவே சொன்னேன். "ஓ, அப்படிச் சொல்லேன். கொண்டு வா," என்றாள். அவ்வளவுதான். ஒரு வருஷத்துச் சங்கடம் அரை நிமிஷத்தில் முடிந்தது.

என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், அங்கே போய்ச் சமைக்க முடியாது. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், வடாம், தயிர்சாதம். எங்கள் ஊர்ப் பக்கம் பயணம் என்றால் வேறென்ன கட்டுவார்கள்? இங்குள்ள ஈழத்து அண்ணன் ஒருவரின் கடையில் நல்லெண்ணெயும் புளியும் வாங்கினேன். வெள்ளைக்காரர்களுக்கா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, "மிளகாயைக் குறைச்சுப் போடுங்கோ தங்கச்சி," என்றார். என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் நாலு பாக்கெட் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போ என்று கிண்டல் செய்தார். வீம்பு என்றார். வீம்புதான், அதிலென்ன?

ஆனால் தயிர்சாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முள் குத்தும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தஞ்சாவூரில் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் வகுப்புத் தோழிகள் நாலு பேர் கல்லணைக்கு ஒருநாள் போனோம். தண்ணீர் திறந்துவிட்ட சமயம், ஷட்டருக்குக் கீழே காவிரி நுரைத்துக்கொண்டு ஓடியது. நாலு பேரில் ஒருத்தி நூர்ஜஹான், அதிராம்பட்டினத்துப் பெண். முதல் பஸ்ஸைப் பிடித்துப் பட்டுக்கோட்டை வழியாக வந்திருந்தாள், கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. விடியற்காலை குழைய வடித்த சோற்றில் பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிரைக் கலந்து கொண்டுவந்திருந்தாள். பஸ் குலுக்கலிலும் வெயிலிலும் கல்லணை வந்து சேர்வதற்குள் அது அழகாக உறைந்து, புளிக்காத தயிர்சாதமாகியிருந்தது. எனக்காகவே செய்தது. எங்கள் வீடு சைவம் என்பதும், அசைவம் புழங்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "புதுத் தூக்குப்பா. கடையில வாங்கி நேரா இதுலதான் கட்டுனேன். சோறு வடிச்ச பானையும் புதுசு. வீட்டுப் பாத்திரம் எதுவும் படல." மற்ற இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள். நான் வயிறு வலிக்கிறது என்றேன். ஒரு வாய்கூட வாங்கவில்லை. அவள் மூடியை அழுத்தி மூடினாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பசி பொறுக்காமல் இரண்டு மசால்வடை வாங்கித் தின்றேன். நூர்ஜஹான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள். வாரத்துக்கு நாலு தரம் பேசுகிறோம், பிள்ளைகள், மாமியார், முடி கொட்டுவது என்று எல்லாம் பேசுவோம். அந்தச் சாதத்தைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேச்சு வந்ததில்லை.

சனிக்கிழமை அதிகாலை எழுந்து சமைத்தேன். புளிக்காய்ச்சல் முதல் நாளே தயார். சோற்றைக் குழைய வைத்து மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி தயிர். உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வாங்கிய தூக்கில் நிரப்பினேன். மதியம் திறக்கும்போது உறைந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். இன்னொன்றும் செய்தேன். என் தட்டையும் ஸ்பூனையும் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். ஹித்தேயில் இருக்கும் தட்டுகளில் எத்தனை பேர் என்னென்ன தின்றிருப்பார்கள்! வெளியே புல்லெல்லாம் உறைபனி. தூக்கு காரின் டிக்கியில் இரண்டு மணி நேரம், அப்புறம் லார்ஸின் முதுகுப் பையில் இரண்டு மணி நேரம். காற்று காதை அறுத்தது. கிருமி வளர வெதுவெதுப்பு வேண்டும் என்று தினமும் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற எனக்கு, தயிரும் அந்த ஜாதிதான் என்பது அந்த மலை முழுக்க ஏறியும் உறைக்கவில்லை.

மதியம் மரவீட்டில் விறகடுப்பு எரிய, எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புளியோதரையைப் பரிமாறினேன். முதல் வாயிலேயே லார்ஸின் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது, கண்ணில் தண்ணீர். அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் கலங்கவில்லை. இதற்கு மருந்து என்னிடம் இருக்கிறது, சோறும் தயிரும், ஒரு வாய் சாப்பிட்டால் நெருப்பு அணைந்துவிடும் என்று பெருமையடித்தபடியே தூக்கைத் திறந்தேன். உள்ளே பால். ஐந்து மணிக்கு ஊற்றியது ஊற்றியபடியே, ஜில்லென்று, கறிவேப்பிலை மிதந்துகொண்டு கிடந்தது. ஒரு வருஷம் காத்திருந்து, மூன்று தரம் கெஞ்சி வாங்கிய வேளை இது. அடுத்த வருஷம் இவர்கள் என்னை மறுபடி விட்டுவிட்டுப் போவார்கள், போனால் தப்பும் சொல்ல முடியாது. மூடியை அழுத்தி மூடிவிட்டு, சரியாக வரவில்லை, இதை விட்டுவிடுங்கள் என்றேன். கெட்டுப்போய்விட்டதா என்று இங்க்ரித் கேட்டாள். கெடவில்லை என்றேன். "அப்ப ஏன் மூடுற?" என்று தட்டை நீட்டினாள். உபசாரம் தெரியாத ஊர். தட்டை நீட்டினால் போட்டுத்தான் ஆக வேண்டும். ஊற்றினேன்.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தவள் லார்ஸைப் பார்த்தாள். அவரும் ஒரு வாய் எடுத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து ஒரு கஞ்சி செய்வார்கள், 'ரிஸ்கிரோட்' என்று. அதைச் சனிக்கிழமைதான் சாப்பிடுவார்கள். சின்ன வயதில் சனிக்கிழமை என்றாலே அதுதான் என்று லார்ஸ் சொன்னார். நான் அதைத் தெரிந்துதான் செய்துகொண்டு வந்தேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லவே இல்லை, இது தயிராக வேண்டியது, தோற்றுப்போனது என்று எவ்வளவோ சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உப்பும் இஞ்சியும்தான் புதுசாக இருக்கிறது என்றாள் இங்க்ரித். அதோடு விட்டார்களா? அலமாரியைக் குடைந்து சர்க்கரையையும் பட்டைத்தூளையும் எடுத்துவந்து, பச்சைமிளகாயும் கடுகும் கிடந்த என் சாதத்தின் மேல் தூவினார்கள். எங்கள் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். நாலு பேரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அப்புறம் இங்க்ரித் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, அதில் சாதத்தைப் போட்டு, சர்க்கரையும் பட்டையும் தாராளமாகத் தூவி என்னிடம் நீட்டினாள். ஓரம் உடைந்த, பூப்போட்ட பழைய பீங்கான் தட்டு. என்னுடைய தட்டு பையின் அடியில் துணிக்குள் இருந்தது. இங்க்ரித், "தட்ட நல்லா கழுவியாச்சு," என்றாள். நான் தயங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த நிமிஷம் மூடியை அழுத்தி மூடின நூர்ஜஹானின் கைதான் கண்ணில் நின்றது. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. தட்டை வாங்கினேன். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். சத்தியமாக நன்றாக இல்லை. ஆனால் சாப்பிடச் சாப்பிட என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நான் இன்றைக்கும் சைவம்தான், சாகும்வரை சைவம்தான். தட்டு வேறு, சாப்பாடு வேறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு கண்டமும் இருபது வருஷமும் தேவைப்பட்டிருக்கிறது.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஏரிப் பக்கம் நடக்கக் கிளம்பினோம். தூக்கில் பாதி சாதம் மிச்சமிருந்தது. இங்க்ரித் அதை வெளியே குளிரில் வைக்கப் போனாள். நான் விடவில்லை. உறையாமல் நீ எங்கே போகிறாய் பார்க்கிறேன் என்று தூக்கை விறகடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துவைத்து, என் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டுத்தான் போனேன். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து பார்த்தேன். படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறினேன். அந்த மலையில் அங்கே மட்டும்தான் சிக்னல் வரும். நூர்ஜஹானுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, அதன் கீழே எழுதினேன்: "கல்லணையில அன்னைக்கு எனக்கு வயிறு வலிக்கலடி."

நீல டிக் விழுந்தது. அப்புறம் பதில் வந்தது.

"தெரியும்டி. ரெண்டு மசால்வடை தின்னியே."

அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, எதிர்க்காற்றில் கண்ணெல்லாம் தண்ணீர். அதற்குள் அவளே அடுத்ததை அனுப்பிவிட்டாள்: "படம் தெளிவா இல்ல. சாதம் உறைஞ்சுதா இல்லியா?"

"பாதிதான். அடுப்பு பக்கம் தயிராயிருக்கு. ஜன்னல் பக்கம் இன்னும் பாலாவே இருக்கு."

"அப்ப எடுத்துடாத. இன்னும் கொஞ்ச நேரம் வையி."

பாறையிலிருந்து இறங்கி உள்ளே போனேன். அடுப்பில் ஒரு விறகைச் செருகிவிட்டு, பால் பக்கம் நெருப்பைப் பார்க்கிறாற்போலத் தூக்கைத் திருப்பிவைத்தேன்.