அவருக்குப் பிறகு ஒரு நாள்

அடித்து முடித்ததும் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தன் நாடியை எண்ணுவார். முதலில் நூற்றுப் பத்து இருக்கும். கொஞ்ச நேரத்தில் தொண்ணூறு. எழுபத்திரண்டுக்கு இறங்கியதும் எழுந்துபோய் வெந்நீர் குடிப்பார். அதுவரை பெரியம்மா விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். எழுந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் துடிப்பு ஏறும். துடிப்பு ஏறினால் அவருடைய ஆயுள் குறையும்.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. பெரியப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். நாற்பத்தொன்றாவது வயதில் ஒருநாள் வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்தார். "கோபத்தை உள்ளேயே அடக்கி வைக்காதீங்க, யார்கிட்டயாவது கொட்டிடுங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அதே மாதம், மருந்துக்கடை மாடியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்த குரு ஒருவர், மனிதனுக்கு இத்தனை மூச்சு என்று எண்ணித்தான் கொடுக்கப்படுகிறது, மிச்சம் பிடிக்கிறவன் நூறைத் தாண்டுவான் என்றார். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பெரியப்பா இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரு வைத்தியம் செய்துகொண்டார். தன் மூச்சை வேகப்படுத்துகிறவள் தன் ஆயுளைத் திருடுகிறாள். திருடியவள் மீது கோபத்தைக் கொட்டிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும்.

நூறு வயதைப் பற்றியே பேசுவதால் பணிமனையில் அவருக்கு 'செஞ்சுரி' என்று பெயர். அங்கே அவர் யாரையும் அதட்டியதுகூட இல்லை.

காலை நான்கு முதல் ஆறு வரை அவர் கூடத்தில் கால் மடக்கி உட்கார்ந்து மூச்சை அடக்குவார். அந்த இரண்டு மணி நேரமும் குழாய் திறக்கக் கூடாது, கரண்டி தட்டில் படக் கூடாது. பெரியம்மா இருமலைக்கூடத் தலையணையில் வாயை அழுத்தித்தான் இருமுவாள். ஒருமுறை கை தவறி மூடி விழுந்ததற்கு, சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் முதுகில் வைத்து எடுத்தார். அந்த முக்கோணத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இத்தனைக்கும் அவளுக்கு வேலை மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில். கொக்கியில் தொங்கி வரும் மாட்டின் தொடையை இறக்கி, எலும்பைப் பிரித்து, துண்டுகளைத் தள்ளிவிடும் மேசையில் முப்பது வருஷம் நின்றாள். அந்த மேசையில் அவள் ஒருத்திதான் பெண். அவளைவிட இரண்டு மடங்கு கனமான ஆண்கள் வெட்டுக்கத்தியால் எலும்பை அடித்துக்கொண்டிருக்கும்போது, இவள் கத்தியின் முனையை மட்டும் உள்ளே விட்டுத் திருப்புவாள். தொடை தனியே வந்து விழும். "எலும்போட மல்லுக்கட்டக் கூடாது. மூட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்பாள்.

எதிர் மேசைக்காரர் ஒருநாள் அவள் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கையில இவ்வளவு பெரிய கத்தி வச்சிருக்க. எதுக்கும்மா வாங்கிட்டு நிக்கிற?"

"மாடு செத்தா கறி. அவரு செத்தா கேசு" என்றாளாம் பெரியம்மா, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். சின்ன வயதில் அந்தப் பேச்சை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, போதும். கிளம்பி வந்துடு."

"ஒரு தடவை வந்தேனே. பின்னாலயே வந்து உன் கதவை உடைச்சாரு. இன்னும் சரியா மூட மாட்டேங்குது."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"அவருக்கு அப்புறம் ஒரு நாள் இருக்கணும். ஒரே ஒரு நாள்."

"அந்த ஒரு நாள்ல என்ன பண்ணுவ?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு எல்லாப் பாத்திரத்தையும் போட்டு விளக்குவேன். சத்தமா."

அம்மா சிரித்துவிட்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை. "அவரு என்னைவிட ஏழு வயசு மூத்தவரு. அந்த ஏழு வருஷத்தை நம்பித்தான் ஓடுது" என்றாள்.

வளர்ந்த பிறகு நான் பதினோரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினேன். போன இடமெல்லாம் நூறு வயதுக்காரர்களைத் தேடிப் பார்த்துப் பேசினேன். பச்சை வெங்காயம் என்றார் ஒருவர். பிரார்த்தனை என்றாள் ஒருத்தி. தினமும் மலையேறுவதுதான் காரணம் என்றார் இன்னொருவர். தன் மனைவியை மருந்து என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்று, நடந்ததை அம்மா சொன்னாள். மிச்சத்தைப் பெரியம்மாவே சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை, தலையணையையும் மீறி இருமல் வெளியே வந்துவிட்டது. அப்போது அவளுக்கு அறுபத்தொன்று. பெரியப்பா பயிற்சியிலிருந்து எழுந்து வந்து, மர முக்காலியால் அவள் விலாவில் நான்கு முறை அடித்தார். பிறகு நாடியை எண்ண உட்கார்ந்தார். அன்றைக்கு எழுபத்திரண்டு வந்த பிறகும் அவளால் எழ முடியவில்லை.

மருத்துவமனையில் வழக்கம்போல "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை தடவை வழுக்கினீங்கம்மா? பழைய முறிவே ஏழு இருக்கு."

"தரை அப்படி, டாக்டர்."

"விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருக்கு. இன்னொரு தடவை வழுக்கினா உயிர் தங்காது."

நான்கு நாள் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அதையே யோசித்தாள். அவருடைய ரத்த அழுத்தம் இருபது வயதுக்காரனுடையது. இனி ஏழு வருஷ வித்தியாசத்தை நம்பிப் பயனில்லை. இந்த ஓட்டத்தில் தான்தான் முதலில் விழப் போகிறோம், அந்த ஒரு நாள் வரப்போவதில்லை என்பது விளங்கியது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஐந்து மணி. கூடத்தில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சமையலறைக்குப் போய், ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

அவர் வந்தார். "உனக்குத் திமிர் ஏறிப்போச்சு. என் மூச்சை..." என்று வலது கையை ஓங்கினார்.

ஓங்கிய கையை அவள் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் தொடை இறக்கிய பிடி அது. கையை வெளிப்பக்கமாகத் திருப்பி, அவர் குனிந்ததும் தோளுக்குக் கீழே முழங்காலைக் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்தாள். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. தோள் இறங்கிவிட்டது. அவர் அலறிக்கொண்டே இடது கையால் அவள் முடியைப் பிடித்தார். அவள் விடவில்லை. தொங்கிய கையின் முழங்கையைக் கதவு நிலையின் விளிம்பில் வைத்து, தன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்தாள். இரண்டாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல. கத்தி அலமாரியில்தான் இருந்தது. தேவைப்படவில்லை.

அவர் தரையில் கிடந்தார். பெரியம்மாவுக்கு விலா கொழுந்துவிட்டு எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, அவருடைய நல்ல கையின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நூத்தி நாப்பது. அசையாதீங்க. எழுபத்திரண்டுக்கு வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

வர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.

"எப்படி ஆச்சு?" என்று அதே எலும்பு மருத்துவர் கேட்டார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். மருத்துவர் பெரியம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "உங்க வீட்டுத் தரையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் கை இப்போது மார்புக்கு மேலே எழாது. விரல்கள் மரத்துப்போனதால் பழைய மாதிரி நாடி எண்ணவும் வராது. எழுபத்தொரு வயதில் மற்றபடி ஒரு குறையும் இல்லை. பார்த்தால் நூறைத் தொடுவார் போலத்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை, படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். யார் முந்துவார்கள் என்று நான் கேட்டதற்கு, "யாரு முந்துனா என்னடி இப்ப?" என்றாள்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் தங்கினேன். விடியற்காலை பெரும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன். மணி ஐந்து. சமையலறையில் விளக்கு எரிந்தது. பெரியம்மா அலமாரியிலிருந்த பாத்திரம் முழுவதையும் தொட்டியில் கொட்டி, ஒவ்வொன்றாக விளக்கித் தரையில் வீசிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே வாயை மூடாமல் நன்றாக இருமினாள்.

கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் மெதுவாக வந்தது. "கொஞ்சம் சத்தம் போடாம... எனக்கு மூச்சு வேகமாகுது."

அவள் ஒரு அண்டாவை உருட்டிவிட்டாள்.

"ஆகட்டும்," என்றாள். "எண்ணிக்கிட்டே இருங்க."