வெள்ளைத் துணியில் விழுந்தவை

மலாயாவில், கோலா கங்சாருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மரங்களுக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டினாலும் கங்காணி கத்துவார். அப்படிப்பட்ட தோட்டத்தில், மழைக்கு மண் கரையாமலிருக்க, ஒரு பகுதியில் மட்டும் கொடி படரவிட்டார்கள். கொடிப் பக்கம் என்னென்ன பூச்சி வாழ்கிறது, வெறும் மண் பக்கம் என்னென்ன வாழ்கிறது என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பூச்சித்துரை என்று பெயர் வைத்தோம்.

என்னையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அவருக்கு உதவ அனுப்பினார்கள். ஒருத்தி செடிக்கோ கிளைக்கோ அடியில் வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டும். மற்றவள் கம்பால் தட்ட வேண்டும். விழுகிற பூச்சியை அவர் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் புட்டிக்குள் இழுப்பார்.

"தொண்டைக்குள்ள போயிட்டா என்னா பண்ணுவாரு?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் துணியே நழுவிவிட்டது.

வெறும் மண் பக்கத்து ரப்பர் கிளைகளைத் தட்டினால் எறும்பைத் தவிர அதிகம் விழாது. கொடிப் பக்கம் ஒரு முறை தட்டினாலே வண்டு, சிலந்தி, தத்துக்கிளி, பச்சையும் நீலமுமாய்ப் பெயர் தெரியாதவை என்று துணியே அசையும். பூச்சி என்றாலே கூசுகிற நான், 'இன்றைக்கு என்ன விழும்' என்று விடிந்ததும் ஓட ஆரம்பித்தேன்.

ஒருநாள் கொடியின் ஓரத்திலிருந்த கொய்யாக் கிளையைத் தட்டினேன். ஒரு இலைதான் விழுந்தது. எடுத்து எறியப் போனேன். இலை கால் நீட்டி நடந்தது!

"அக்கா! இலை நடக்குது லா!"

"உளறாத புள்ள!" என்று குனிந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூச்சித்துரை தொப்பி பறக்க ஓடிவந்தார். "ஜங்கான்! ஜங்கான்!" தொடாதே என்று மலாய் மொழியில் கெஞ்சினார். பிறகு மண்டியிட்டுக் குழந்தைபோல் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கம்பிக் கூண்டில் கொய்யா இலை போட்டு அந்த இலைப்பூச்சியை வளர்த்தார். நாங்கள் குடியிருந்த லயமே வரிசையில் நின்று பார்த்தது. விதை போன்ற முட்டைகளை அது உதிர்த்தபோது ஒரே ஆரவாரம்.

கொடிப் பக்கம்தான் உயிர்கள் அதிகம், மரத்துக்கும் கெடுதல் இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தை நடத்திய பெரிய துரை அடுத்த பகுதியிலும் கொடி போடச் சொன்னார். நட ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்.