கைதட்டக் கூடாத அறை

பென்சில் முனையை உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள் சிவாஜினி. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்குமுன் நான்கு பென்சில். நான்கையும் குத்திப் பார்த்த பிறகுதான் கதிரையில் உட்காருவாள். அழிறப்பர் கொண்டுவருவதில்லை. "அது பக்கத்தில கிடந்தா மனம் தளம்பும் அங்கிள்" என்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வெறுங்கையோடு சிட்னியில் இறங்கி, இன்று பென்டில் ஹில்லில் இரண்டு கடையும் இந்த பேஸ்போல் மைதானத்தில் ரோல்ஸ், தேத்தண்ணி விற்கிற வண்டியும் வைத்திருக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவர்களையே பேசி மடக்கியிருக்கிறேன். என் வாயை அடைத்தவர்கள் இருவர்தான். ஒருத்தி என் மனைவி. மற்றவள் இந்தப் பிள்ளை.

வாரநாளில் அவள் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறாள். தன் மகள் சொஃப்ட்போல் விளையாடிய காலத்தில் ஆட்டக் குறிப்பு எழுதப் பழகி, இன்று தொழில்முறை ஆட்டங்களுக்கே பதிவாளர். மட்டைக்காரன் தன் திறமையால் தளத்துக்குப் போனானா, பிடிக்க நின்றவன் கோட்டைவிட்டதால் போனானா, 'ஹிட்'டா 'எரர்'ரா என்று தீர்ப்பு எழுதுவது அவள் வேலை. அவளுடைய கண்ணாடி அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: யாருக்காகவும் கைதட்டக் கூடாது. ஒருமுறை நான் தட்டிவிட்டேன். "வெளியில நிண்டு தட்டுங்கோ அங்கிள்" என்று கதவைத் திறந்து பிடித்தாள். தேத்தண்ணி கொண்டுபோன என்னை!

போன ஞாயிறு பந்து எறிந்தவன் ரியோமா. இந்தப் பருவத்துக்காக யப்பானிலிருந்து வந்தவன். வெளிநாட்டு ஆட்டக்காரரை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். கிரவீனில் சிவாஜினி வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும். பிட்டுக்குச் சம்பல் கேட்டு வாங்கித் தின்கிற பொடியன்.

என்ன எறி! பந்து கையை விட்டுப் புறப்பட்டதைக் கண்டேன். கையுறைக்குள் 'டப்' என்று விழுந்ததைக் கேட்டேன். நடுவில் அதைக் காணவேயில்லை. ஆறடி ஆட்கள் வெறுங்காற்றை வெட்டிவிட்டுத் தலை குனிந்து போனார்கள். எதிர்ப்பக்கம் எறிந்தவனும் லேசுப்பட்டவனில்லை. மூன்றாம் சுற்றில் நம்மவர்கள் எடுத்த ஒரேயொரு ஓட்டம்தான் பலகையில். எட்டுச் சுற்று முடிந்தும் ரியோமாவின் பந்தில் ஒரு ஹிட் இல்லை. ஆட்டத்தின் ஒன்பது சுற்றையும் அப்படியே முடித்தால் சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் சுற்று. இரண்டு பேர் வெளியே, இன்னும் ஒருவன் வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. அடித்த பந்து நிலத்தில் உருண்டு வந்தது. கடைசி நொடியில் துள்ளி, பிடிக்க நின்றவனின் தோளைத் தாண்டிப் போயிற்று. மட்டைக்காரன் முதல் தளத்தில் நின்றான்.

கண்ணாடி அறையில் எங்களோடு இருந்து ஸ்கோர் பலகையை இயக்குகிற இந்திரகுமார், பட்டனில் விரல் வைத்தபடி திரும்பினார். "தங்கச்சி, எரர் எண்டு போடுறன். ஆருக்கு என்ன நட்டம்?"

"பொறுங்கோ அண்ணை."

நானும் விடவில்லை. "பிள்ளை, உம்மட வீட்டுச் சோறு தின்னுற பொடியன். எரர் எண்டு எழுதினா அவன்ர சாதனை நிக்கும். வெற்றி தோல்வி ஒண்டும் மாறாது."

திரையில் அந்தப் பந்தை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"பந்து துள்ளினது அங்கிள். பிடிக்க நிண்டவனும் ஆரோ பெத்த பிள்ளைதானே. அவன் விடாத பிழையை அவன்ர பேரில எழுதேலாது."

ஹிட்.

மைதானம் ஊளையிட்டது. ரியோமா பலகையைப் பார்த்தான். பிறகு எங்கள் கண்ணாடியைப் பார்த்தான்.

"இண்டைக்கு வீட்டில பிட்டு அவிச்சாலும் அவன் தின்னமாட்டான்" என்றார் இந்திரகுமார்.

சிவாஜினி அடுத்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள்.

ரியோமா தொப்பியைக் கழற்றித் திருப்பி அணிந்தான். மூன்றே பந்து. டப். டப். டப். அடுத்த மட்டைக்காரன் மட்டையை இறக்கவும் மறந்து நின்றான்; அவனும் வெளியே. ஒன்றுக்குப் பூஜ்யம், வெற்றி நமக்கு. கீழே எல்லோரும் எழுந்து குதித்தார்கள். நான் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டேன்.

சிவாஜினி கடைசிக் கட்டத்தை நிரப்பிப் பென்சிலை வைத்தாள். முகம் தாளிலேயே இருந்தது. மேசைக்குக் கீழே, மடியில், அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன.